யாருக்குத் தெரியாத ஊர்? - கம்பம் பள்ளத்தாக்கும் பயணியின் பார்வையும்

1

'அதிகம் அறியப்படாத ஊர்கள்' என்று ஒரு வகை எழுத்து இப்போது பெருகிக் கிடக்கிறது. ரோம், வெனிஸ், புளோரன்ஸ் பார்த்துச் சலித்தவர்களுக்கு இத்தாலியின் மலைமுகட்டுச் சிற்றூர்கள். ஊட்டி, கொடைக்கானல் பார்த்துச் சலித்தவர்களுக்கு மேகமலை, குரங்கணி, கொழுக்குமலை. எழுத்தின் தர்க்கம் இரண்டிடத்திலும் ஒன்றுதான்: கூட்டம் போகாத இடம், கெட்டுப்போகாத மனிதர்கள், கலப்படமில்லாத சாப்பாடு. நான் தேனிப் பக்கத்துக்காரன். நாங்கள் பஸ் ஏறும் இடம் யாரோ ஒருவருக்குக் 'கண்டுபிடிப்பு' ஆவதைச் சில வருஷங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொற்சேர்க்கையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. பயணமே போகாதீர்கள் என்று சொல்வதற்காக அல்ல. போனால் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று விளக்குவதற்காக.

இலக்கணப்படி 'அறியப்படாத' என்பது செயப்பாட்டுவினையில் பிறந்த எதிர்மறைப் பெயரெச்சம். செயப்பாட்டுவினையில் வினைமுதல் ஒளிந்துகொள்ள வசதி உண்டு. யாரால் அறியப்படாத ஊர்? கம்பத்தையும் கூடலூரையும் வருவாய்த்துறை அங்குலம் அங்குலமாக அறியும். பொதுப்பணித்துறை மதகு மதகாக அறியும். ஏலத்தோட்ட முதலாளி எந்தத் தெருவில் எத்தனை பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்று தலையெண்ணி அறிவார். கட்சிக்காரர் ஓட்டுக் கணக்கில் அறிவார். ஆக, ஊர் அறியப்பட்டுத்தான் இருக்கிறது. அறியாதவர் ஒருவர் மட்டுமே: செலவு செய்யக் காசும் ஓய்வும் உள்ள நகரத்து நுகர்வோர். அவருடைய அறியாமையை ஊரின் குணமாக மாற்றிச் சொல்வதுதான் இந்தச் சொல்லாடலின் முதல் வேலை.

ரொலான் பார்த் 1957இல் நூலாகக் கொண்டுவந்த 'மித்தாலஜீஸ்' தொகுப்பில் 'நீல வழிகாட்டி' என்ற பிரெஞ்சுப் பயண நூலைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை இருக்கிறது. அந்த வழிகாட்டிக்கு மலையும் பள்ளத்தாக்கும் தேவாலயமும் மட்டுமே கண்ணில் படுகின்றன, மனிதர்கள் வெறும் மாதிரி உருக்களாகச் சுருங்கிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். நினைவுச்சின்னங்களைக் காட்டுவதன் மூலம் வழிகாட்டி நிலத்தின் நிஜ வாழ்க்கையை மறைக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட நாடு பிராங்கோ ஆட்சிக்காலத்து ஸ்பெயின் என்பதை மறந்துவிடக்கூடாது. 'அழகான நிலக்காட்சி' என்ற தொடர் அரசியலற்றதாகத் தோன்றுவதே அதன் அரசியல்.

2

இத்தாலிக்கே போவோம். 1935இல் கார்லோ லெவி என்ற ஓவியரை, தூரின் நகரத்துக்காரர், முசோலினியின் அரசு தெற்கே லுகானியாவுக்கு நாடுகடத்தியது. மருத்துவம் படித்தவர், பாசிச எதிர்ப்பாளர். அவரைக் கொண்டுபோய் வைத்த ஊர் அலியானோ. அரசாங்கம் ஒரு மனிதனைத் தண்டிக்கத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஒதுங்கிய ஊர். 1945இல் வெளியான 'கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்' என்ற நூல் அங்கே பிறந்தது. எபோலிக்குத் தெற்கே இருப்பவர்கள் மனிதக் கணக்கிலேயே சேர்க்கப்படாதவர்கள் என்பது அந்தத் தலைப்பின் பொருள். மலேரியா, வரி, நிலமில்லாமை, அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் - இவைதாம் லெவி கண்ட 'அறியப்படாத ஊர்'. 1975இல் இறந்த லெவியின் கல்லறை அலியானோவில் இருக்கிறது. அவர் தங்கவைக்கப்பட்ட வீட்டை இன்று பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

பக்கத்திலுள்ள மத்தேராவின் கதை இன்னும் விசேஷமானது. பாறையைக் குடைந்த குகை வீடுகளில் மனிதர்களும் ஆடுமாடுகளும் சேர்ந்து வாழ்ந்த ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது 'தேசிய அவமானம்' என்று பேசப்பட்டது. 1952இல் சட்டம் போட்டு ஏறக்குறைய 15,000 பேரைக் குகைகளிலிருந்து வெளியேற்றிப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். 1993இல் அதே குகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2019இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்று. அவமானம் பாரம்பரியமாக மாற இடையில் நடந்தது ஒன்றுதான்: ஏழைகள் வெளியேற்றப்பட்டார்கள். குகைகள் விடுதிகளாயின. வறுமையை அழகாகப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வறியவர்கள் காட்சியிலிருந்து அகல வேண்டும் போலும்.

கிராம்சி சார்தினியாவில் அலெஸ் என்ற சிற்றூரில் பிறந்து கிலார்சாவில் வளர்ந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1926இல் கைதாவதற்குமுன் தெற்குப் பிரச்சினை பற்றி அவர் எழுதி முடிக்காமல் விட்ட கட்டுரையில், தெற்கின் பின்தங்கலைத் தெற்கத்தியானின் பிறவிக் குணமாக்கி வடக்கின் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுத்த கருத்தியலை அம்பலப்படுத்துகிறார். இன்றைய பயண எழுத்து அந்தக் கருத்தியலைத் தலைகீழாக்கி மறுபடியும் சொல்கிறது. அன்று 'சோம்பேறித் தெற்கு'. இன்று 'அவசரமில்லாத தெற்கு'. மதிப்பு மாறியிருக்கிறது. பார்வை அதேதான். 2001இல் தொடங்கிய 'இத்தாலியின் மிக அழகிய சிற்றூர்கள்' என்ற சங்கமும், 2019இல் சிசிலியின் சம்பூகா ஒரு யூரோ ஆரம்ப விலையில் பாழடைந்த வீடுகளை விற்க முன்வந்ததும் இதே வரிசையில் வருபவை. சொந்த மக்கள் பிழைப்புத் தேடி ஊரைக் காலிசெய்த பிறகு, வெளியூர்க்காரன் 'அமைதி'யை விலைக்கு வாங்க வருகிறான்.

நமக்கும் ஒரு கிராமம் தயாரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977இல் வந்தபோது தமிழ்க் கிராமம் முதன்முதலாகத் திரையில் தெரிந்தது என்று கொண்டாடினோம். படம் பெரும்பகுதி எடுக்கப்பட்டது கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 'கிராமம்' என்ற குறிப்பானுக்கு ஒரு நிலவியல் முகவரி தேவைப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தக் குறிப்பானைத் தலையில் சுமந்துகொண்டு வருகிற பயணி, தேனி பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஏமாந்துபோகிறார். நெரிசல், ஜவுளிக்கடை, மொபைல் கடை. 'இது அசல் ஊர் இல்லை' என்று மேலே மலையைப் பார்க்கத் தொடங்குகிறார்.

3

தமிழில் பயண வழிகாட்டிக்கு வேறொரு மாதிரி இருந்தது. எம்.ஏ. வகுப்பில் அதை 'இலக்கிய வகை' என்று மனப்பாடம் செய்து கடந்துவிட்டோம். ஆற்றுப்படையைத்தான் சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றின் பேச்சுச் சூழலை யோசித்துப் பாருங்கள். சொல்பவன் ஏற்கெனவே அந்த வழியில் போய்த் திரும்பியவன். கேட்பவன் பசித்தவன், சுற்றத்தோடு நடப்பவன். வழியில் இன்ன நிலம், அங்கே இன்ன மக்கள், அவர்கள் இன்ன சாப்பாடு கொடுப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. மலைபடுகடாமில் இன்னும் ஒருபடி மேல்: தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்ட வீசும் கவண் கல் படாமல் எப்படிப் போவது, வழுக்குப் பாறையில் எப்படிக் கால் வைப்பது என்றெல்லாம் எச்சரிக்கைகள்.

நீல வழிகாட்டி காட்சியிலிருந்து தொடங்குகிறது. ஆற்றுப்படை பிழைப்பிலிருந்து தொடங்குகிறது. அங்கே நிலம் மனிதர்களோடும் தொழிலோடும் உணவோடும் சேர்ந்தே வருகிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை: ஆற்றுப்படையின் சாலைகள் கடைசியில் புரவலன் வாசலில் போய் முடிகின்றன (முருகாற்றுப்படையில் கடவுள் சந்நிதியில்). அந்த வாசலை எடுத்துவிட்டு அந்த முறையை மட்டும் நாம் வைத்துக்கொள்ளலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போகிறவருக்கு நான் மூன்று கேள்விகளைச் சொல்வேன். இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேரு? தண்ணி எங்கிட்டு இருந்து வருது? காலையில எந்திரிச்சு சனங்க வேலைக்கு எங்க போறாங்க? பெயர், தண்ணீர், கூலி. இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் ஊர் தன்னைத்தானே வாசிக்கத் தரும்.

4

முதலில் பெயர். தேனியிலிருந்து குமுளி பஸ்ஸில் ஏறினால் பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர், லோயர்கேம்ப். பக்கவாட்டில் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, குள்ளப்பகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி. இன்னொரு திசையில் போடிநாயக்கனூர். செட்டி, கவுண்டன், தேவன், நாயக்கன்: பாளையக் காலமும் சாதியும் குடியேற்றமும் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கின்றன. கண்டக்டர் கத்துவதைக் கேட்டால் வேறு மாதிரி: "கே.கே. பட்டி, என்.டி. பட்டி, கே.ஜி. பட்டியெல்லாம் எறங்கு!" இங்கிலீஷ் எழுத்து இரண்டு வந்து சாதியை மூடிக்கொண்டுவிட்டது. மூடியது சாதி ஒழிந்ததாலா, நாக்கின் சௌகரியத்துக்காகவா என்று ஊருக்குள் இறங்கினால்தான் தெரியும்.

சின்னமனூரைப் பயண எழுத்து தொடுவதே இல்லை. வாழைத்தார் ஏற்றும் லாரிகள் நிற்கிற ஊர், அவ்வளவுதான். ஆனால் பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் செப்பேடுகள் அங்கே கிடைத்தன. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் முன்னோர் பெருமையாகச் சொல்லும் ஆவணம் அது. சங்கம் என்ற பெருங்கதையாடலுக்குச் செப்பில் ஒரு சாட்சி இந்தச் சந்தைக்கடை ஊரில் இருந்துதான் வந்தது. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இன்னொரு செய்தி: 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பாவின் பெயரில் உள்ள 'சி' சின்னமனூர். நம்முடைய பத்திரிகை மரபின் முதல் எழுத்தே இந்த ஊர்தான் என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

உத்தமபாளையத்தில் ஒரு பாறைச் சுவரில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. இடத்தின் பழைய பெயர் திருக்குணகிரி. இன்று ஊர்க்காரர்கள் சொல்வது கருப்பணசாமி பாறை. நிர்வாணமாக, கையில் ஆயுதமில்லாமல் நிற்கும் தீர்த்தங்கரர் பக்கத்தில் அரிவாள் ஏந்தும் கருப்பன் வந்து குடியேறியிருக்கிறான். ஒரு பிரதியின்மேல் இன்னொரு பிரதி எழுதப்பட்டு, அடியில் உள்ளதும் மங்கலாகத் தெரிவதைப் போல. எது அசல் என்று கேட்பது தொல்லியல் துறையின் கேள்வி. இரண்டும் ஒரே பாறையில் எப்படி நிற்கின்றன என்பது நம்முடைய கேள்வி.

ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஒன்று ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு நட்டது. தொல்காப்பியத்தில் நாம் படித்த 'ஆகோள்' என்ற சொல்லே கல்லில் இருக்கிறது. மாட்டுக்காகச் செத்தவனின் பெயர் ஈராயிரம் வருஷத்துக்குமேல் நிற்கிறது. நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் இங்கே செத்தவர்கள் பலருக்குக் கல் இல்லை.

கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், மங்கலதேவி கோயில். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அதைக் கண்ணகி கோயில் என்று அடையாளம் காட்டினார். இப்போது வருஷத்தில் ஒரே நாள், சித்திரை முழுநிலவு அன்று, தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து அனுமதிக்கின்றன. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப் பாதை. தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து மலையேறி நடக்க வேண்டும். கண்ணகி தமிழ்த்தேசியத்தின் குறியீடு ஆனாள். அவளை நோக்கிய பாதையின் முதல் ஊர் பளியர்களின் பெயரில் இருக்கிறது. பளியர்களைப் பற்றிய பேச்சு அந்த ஒரு நாளிலும் நடப்பதில்லை.

5

அடுத்து தண்ணீர். பள்ளத்தாக்கின் பச்சை இயற்கையானது என்று எழுதாத பயணக் கட்டுரை இல்லை. அந்தப் பச்சை பொறியியலால் ஆனது. மேற்கே பாய்ந்து அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டதால் வந்தது. 1876-78 தாதுவருஷப் பஞ்சம், 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம், 1887இல் வேலை தொடக்கம், 1895இல் அணை திறப்பு. லோயர்கேம்ப் என்ற ஊர்ப்பெயரே கட்டுமான முகாமின் மிச்சம். இன்று கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல், அதைத் தாண்டி மதுரை, இராமநாதபுரம் வரை வைகைப் பாசனம் எல்லாம் அந்தத் திருப்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

பென்னிகுயிக் இங்கே ஏறக்குறையச் சாமி. வீட்டில், டீக்கடையில் படம் மாட்டியிருக்கும். பாலார்பட்டியில் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 2013 ஜனவரியில் லோயர்கேம்பில் அரசு மணிமண்டபம் திறந்தது. அவர் இங்கிலாந்திலிருந்த சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையை ஊரில் கேட்காமல் திரும்ப முடியாது. காலனிய அரசின் பாசன வருமானக் கணக்கை ஒரு தனிமனிதனின் தியாகக் கதையாக மாற்றியது மக்கள் நினைவு. பின்காலனிய விமர்சகர் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன். தண்ணீர் வந்ததற்கு ஒரு முகம் வேண்டும் என்று விவசாயி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. என் கேள்வி வேறு: காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் விபத்திலும் செத்த கூலிகளுக்கு ஏன் ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை?

இந்தத் தண்ணீர் நிம்மதியான தண்ணீரும் இல்லை. 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. இடையில் 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கே எழுந்து குமுளியை நோக்கி நடந்தது. எல்லை அடைபட்டது. கேரளத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் கேட்டதற்காக அன்றாடக் கூலி போனது. தண்ணீரும் கூலியும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட அந்த நாட்களைப் புரிந்துகொள்ளாதவருக்குக் கம்பம் புரியாது.

வைகை அணையையும் (1959) இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பாசனம் பெற்ற ஊர்கள், இன்னொரு பக்கம் நீரில் மூழ்கிய ஊர்கள். வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்த மூழ்கலைப் பற்றியது. அணைப் பூங்காவில் பொரி வாங்கித் தின்றபடி நீர்ப்பரப்பைப் படம்பிடிக்கிறோமே, அந்தப் பரப்பின் அடியில் இருக்கின்றன உண்மையிலேயே 'அறியப்படாத ஊர்கள்'.

6

மூன்றாவது கூலி. பயணி ஆறு மணிக்கு எழுந்து பனிமூட்டம் பார்ப்பார். அதற்கு ரொம்ப முன்னாலேயே கம்பம், தேவாரம், போடித் தெருக்களில் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்கு நிற்கிறார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு. ஜீப் கொள்ளாத கூட்டம், வளைவுப் பாதை. விபத்துச் செய்திகள் வருஷந்தோறும் வருகின்றன. "மலைக்குப் போயிட்டு வாரேன்" என்று இங்கே ஒரு பெண் சொன்னால் அது சுற்றுலா இல்லை, களையெடுக்க, காய் எடுக்கப் போவது. அதே மலை, அதே வளைவுகள், அதே பனி. ஒருவர் காசு கொடுத்துப் போகிறார், இன்னொருவர் காசுக்காகப் போகிறார். எல்லைக்கோட்டை வாரத்தில் ஆறுநாள் கடக்கும் இவர்களை நாம் 'பயணி' என்று அழைப்பதில்லை. பயணம் என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது.

எடுத்த காய் ஏலத்துக்குப் போடிக்கு வருகிறது. ஏலக்காயின் விலை இங்கே பேசப்படும். ஏலக்காய் எடுத்த விரலின் விலை பேசப்படாது. திராட்சையும் இப்படித்தான். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்கக் காய்க்கும் என்பது அதன் விசேஷம். ரகத்தின் உலகப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஜெர்மன் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய கொடி 'நம்ம ஊர் மண்ணின் ருசி'யாக ஆனதில் தப்பில்லை. நாம் 'குறி' என்று கோட்பாட்டில் பேசுவது இதைத்தான். ஆனால் புவிசார் குறியீடு புவியை மட்டுமே குறிக்கிறது. பந்தலுக்குக் கீழே குனிந்து மருந்தடிப்பவனைக் குறிப்பதில்லை.

பண்ணைப்புரத்துக்கு ஆட்கள் இளையராஜா பிறந்த ஊர் என்று வருகிறார்கள். நல்லது. அங்கே அவருடைய அண்ணன் பாவலர் வரதராசனையும் கேட்க வேண்டும். கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், ரோசம்மா புன்னூஸ் வென்ற தேர்தல் அது, தோட்டத் தொழிலாளர்களிடையே பாடப் போனவர். 1956 மாநில மறுசீரமைப்பில் தேவிகுளம் கேரளத்துக்குப் போய்விட்டது. பாட்டு எல்லையைத் தாண்டிப் போனது. தமிழ் சினிமாவின் ஒரு பெரிய இசை, கூலிக்காரர்கள் மலையேறிய அதே பாதையில் பயிற்சி பெற்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

7

இவ்வளவையும் கேட்கலாம், சரி. எல்லோராலும் கேட்க முடியுமா? இங்கேதான் பயணக் கோட்பாடுகள் தடுமாறுகின்றன. ஜான் உர்ரி 1990இல் 'சுற்றுலாப் பார்வை' பற்றி எழுதியபோது பார்க்கிறவன் அதிகாரத்தில் இருக்கிறான் என்று விளக்கினார். நம்மூரில் பார்க்கிறவனை ஊரும் திருப்பிப் பார்க்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆவதற்குள் கேள்வி வரும்:

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சின்னமனூர்ப் பக்கம்ண்ணே."

"சின்னமனூர்ல எங்கிட்டு? எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். மேலே இன்னும் விசாரிப்பா, மௌனமா என்பது பதிலைப் பொறுத்தது. 'முகமற்ற நடையர்' என்று பெஞ்சமினைப் படித்துவிட்டுப் பேசுகிறோம். பாரீஸ் தெருவில் முகமற்று நடக்கலாம். பட்டியில் முடியாது. 1989இல் போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம் நடந்தபோது ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவதே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பொதுக் கிணறு, பொதுத் தெரு, கோயில் வாசல் என்று நடமாட்ட உரிமைக்காகவே ஒரு நூற்றாண்டு போராடிய மக்களுக்கு 'அறியப்படாத தெருக்களில் அலைந்து திரியுங்கள்' என்ற அறிவுரை எப்படிக் கேட்கும்? குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஊரைவிட்டு ஊர் போக அனுமதிச்சீட்டு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார்கள். 'அரசு கள்ளர் பள்ளி' என்ற பலகைகள் அந்த வரலாற்றின் தடம். அலைதல் என்பது சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குத் தடுக்கப்பட்ட உரிமை, சிலருக்குச் சுமத்தப்பட்ட குற்றம்.

ஆகவே ஒரு ஊரின் 'விருந்தோம்பல்' பற்றி எழுதுமுன் எந்தத் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும். அதே வீட்டுத் திண்ணையில் அந்த ஊரின் இன்னொரு தெருக்காரர் உட்கார முடியுமா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

8

குரங்கணியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்கள் பலர். முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்கள்தான். கோடையில் புல் எப்படிக் காயும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவர்கள். இதைச் செத்தவர்கள்மீது பழியாகச் சொல்லவில்லை. மலைபடுகடாம் சொல்கிற கவண் கல் எச்சரிக்கையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறேன். காட்சியை விற்கும் வழிகாட்டியில் எச்சரிக்கைக்கு இடமில்லை. 2024இல் அரசு 40 பாதைகளை நெறிப்படுத்தி மலையேற்றத் திட்டம் ஒன்றை அறிவித்தது. குரங்கணியும் அதில் இருக்கிறது. ஒழுங்கு வந்தது நல்லதே. உள்ளூர் அறிவு அதில் சம்பளம் வாங்கும் 'கைடு' வேலையாக மட்டும் நிற்குமா, முடிவெடுக்கும் இடத்துக்கும் வருமா என்பது இனி பார்க்க வேண்டியது.

குரங்கணி 'புதிய' இடமும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இங்கேதான் இறங்கியது. இங்கிருந்து போடிக்கு. 1928இல் போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2022இல் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பியது. லண்டன் தேநீர்க் கோப்பைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த இடம் நமக்கு இப்போது 'கண்டுபிடிப்பு'. பொட்டிபுரத்தையும் இப்படி ஒருநாள் கண்டுபிடித்தார்கள். 2015இல் மத்திய அமைச்சரவை நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, அந்த மலை கெட்டியான பாறையாக மட்டும் பார்க்கப்பட்டது. ஆடு மேய்க்கிறவர்களுக்கு அது மேய்ச்சல் நிலம், அம்பரப்பர் என்ற சாமி. எதிர்ப்பு எழுந்த பிறகே மலைக்கு அடியில் ஊர் இருப்பது வெளியே தெரிந்தது. மேகமலை 2009இல் சரணாலயம், 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதி. அங்கே காட்டைக் காப்பதும் காட்டில் வாழ்பவர்களைக் காப்பதும் ஒரே வேலையா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது.

இத்தாலியில் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூரில் 1680இல் பிறந்த ஒருவர் நம் ஊர்களுக்கு வந்தார். பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். அவர் வந்த நோக்கத்தைப் பற்றி நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் வந்த இடத்தின் மொழியைக் கற்று, அகராதி செய்து, யூதேயா நாட்டையே தமிழ் நிலமாக்கிப் பாடினார். சிற்றூரிலிருந்து சிற்றூருக்கு வந்த பயணி, படம் எடுத்துக்கொண்டு போகாமல் சொல் சேர்த்துக்கொண்டிருந்தார். குறைந்தபட்சம் இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எழுதுகிற நண்பர்களுக்கும் களத்தில் வேலை செய்கிற தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் தகுதி நம்மைப் போன்ற விமர்சகர்களுக்கு இல்லை, போய்த் திரும்பியவர்களுக்குத்தான் உண்டு. தினமும் மலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள், மதகு திறக்கிற நீர்க்கட்டிகள், பளியன்குடிப் பாதையை நடந்தே உருவாக்கியவர்கள். எந்த வளைவில் ஜீப் சாயும், எந்த ஊரில் தண்ணீர் கேட்டால் யாருக்குக் கொடுப்பார்கள், யாருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் செய்யக்கூடியது, கேட்டு எழுதுவது, அவர்கள் சொன்ன மொழியிலேயே அச்சிடுவது, அவர்கள் பெயரைப் போட வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடமே கேட்பது. நம் பத்திரிகைகள் அதற்குச் சில பக்கங்களை ஒதுக்கட்டும்.